கான்பூரில் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைத்தவர்

இந்தியாவில் மென்பொருள் தொழில் வளர்ந்த கதையைச் சொல்வோர் பெரும்பாலும் கம்பெனிகளிலிருந்தே தொடங்குவர். பெங்களூர், ஹைதராபாத், புனே, சென்னை என்று ஊர்ப் பெயர்கள் வரும். நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் பெயர்கள் வரும். அந்தக் கம்பெனிகளில் சேர்ந்தவர்கள் எங்கே படித்தார்கள், அவர்களுக்கு யார், எந்த முறையில் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. அதைக் கேட்கப் புகுந்தால், கங்கைக் கரையிலுள்ள கான்பூர் நகருக்கும், அங்கே பத்தாண்டுகளுக்கு மேல் டைரக்டராக இருந்த ஒரு பேராசிரியருக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கும். அவர்தாம் டாக்டர் பி. கே. கேல்கர்.

கேல்கர் கம்ப்யூட்டர் நிபுணர் அல்லர். மின் பொறியியல் படித்தவர். ஆனாலும் இந்தியாவின் கம்ப்யூட்டர் கல்வி வரலாற்றில் அவர் பெயரை விட்டுவிட முடியாது. ஒரு கல்வி நிலையத்தில் பாடத்தை யார் வகுப்பது, வினாத்தாளை யார் எழுதுவது, விலை உயர்ந்த இயந்திரத்தை யார் தொடலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் காலத்தில் வழக்கமாக இருந்த விடைகளை அவர் மாற்றினார். அந்த மாற்றத்திலிருந்து ஒரு புதிய படிப்பு முளைத்தது.

தார்வாரிலிருந்து லிவர்பூலுக்கு

புருஷோத்தம் காசிநாத் கேல்கர் 1909-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி தார்வாரில் பிறந்தார். இன்று கர்நாடகத்தில் உள்ள அந்த ஊர் அன்று பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. பம்பாயிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூட் ஆப் சயன்ஸில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற பின், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் பயின்றார். அதன்பின் இங்கிலாந்து சென்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1937-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியதும் தாம் படித்த பெங்களூர் கழகத்திலேயே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1943-இல் பம்பாய்க்கு வந்து, மாதுங்காவிலுள்ள விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் மின் பொறியியல் துறையின் பொறுப்பை ஏற்றார். தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் அந்தக் கல்லூரியை அறியாதவர் அரியர். அங்கே அவர் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார்.

பெங்களூரும் மாதுங்காவும் இரண்டு வேறு உலகங்கள். பெங்களூர் கழகம் தன் பாடங்களைத் தானே வகுத்துக் கொண்டு, தன் டிப்ளமாவைத் தானே வழங்கியது. மாதுங்காவில் பட்டப் படிப்பு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வரம்புக்குள் நடந்தது. இந்த வேறுபாடு என்ன என்பதைப் புரிந்துகொண்டால்தான் கேல்கர் பின்னர் செய்தவற்றின் பொருள் விளங்கும்.

1857-இன் விதை

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-ஆம் ஆண்டு தோன்றின. லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய மாதிரியைப் பின்பற்றி அவை தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே நிறுவப்பட்டன. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் விதிப்பதும், தேர்வு வைப்பதும், பட்டம் தருவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கும். நாட்டில் பின்னர் தோன்றிய பெரும்பாலான பல்கலைக்கழகங்களும் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன.

இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. தொலைதூரத்துச் சிறு கல்லூரியில் படித்தவனும், தலைநகரத்துப் பெரிய கல்லூரியில் படித்தவனும் ஒரே வினாத்தாளை எழுதி ஒரே பட்டம் பெறலாம். திருத்துபவருக்கு எழுதியவன் யாரென்று தெரியாது. சாதியும் சிபாரிசும் வலிமை பெற்றிருந்த நாட்டில் இது சிறிய காவல் அன்று.

ஆனால் இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குத் தம் பாடத்தை மாற்றும் அதிகாரம் கிடையாது. ஒரு புதிய பாடம் நுழைய வேண்டுமானால் பாடத்திட்டக் குழு கூட வேண்டும். கல்விக் குழு ஒப்ப வேண்டும். இணைந்த கல்லூரிகள் அத்தனையிலும் அதை நடத்த ஆசிரியர் வேண்டும். இவையெல்லாம் கூடிவருவதற்குள் புதுப்பாடம் பழம்பாடமாகிவிடும். மாணவனோ ஆண்டு முடிவில் வரும் மூன்று மணி நேரத் தேர்வை நினைத்தே படிப்பான். பழைய வினாத்தாள்களே அவனுக்குப் பாடப் புத்தகமாகும்.

நூறாண்டுகளில் மெல்ல மாறும் பாடங்களுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். கம்ப்யூட்டர் போன்ற ஒரு துறைக்கு இது பொருந்துமா என்ற கேள்வி, கேல்கர் மாதுங்காவில் இருந்த நாட்களில் எழவில்லை. அது எழுவதற்கு முன்பே, வேறு வகைக் கல்வி நிலையம் ஒன்றை அமைக்கும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது.

உணவு விடுதியில் ஓர் அறை

நாடு விடுதலை பெறும் தறுவாயில் நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழு, நாட்டின் நான்கு திசைகளிலும் உயர்தரத் தொழில்நுட்பக் கழகங்கள் அமைக்கப் பரிந்துரைத்திருந்தது. முதலாவது 1951-இல் கரக்பூரில் தோன்றியது. அடுத்தது சோவியத் நாட்டின் ஒத்துழைப்புடன் பம்பாயில் அமைய இருந்தது. 1956-இல் அந்தக் கழகத்தைத் திட்டமிடும் பொறுப்பில் கேல்கர் ஈடுபட்டார். சதுப்பும் காடுமாக இருந்த பவாயில் அது உருவாவதற்கு அவர் உழைப்பும் துணை நின்றது. 1958-இல் கழகத்தின் வகுப்புகள் தொடங்கின.

மறு ஆண்டு, கான்பூரில் அமையவிருந்த கழகத்துக்கு அவர் டைரக்டராக அனுப்பப்பட்டார். கடற்கரை நகரத்தில் வேரூன்றிய ஐம்பது வயதுக்காரருக்கு உத்தரப் பிரதேசத்தின் ஆலை நகரம் அந்நியமானதே. கழகம் என்று சொல்லிக் கொள்ள அங்கே கட்டடம் இல்லை. 1959 டிசம்பரில் ஹார்கோர்ட் பட்லர் டெக்னலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் உணவு விடுதிக் கட்டடத்தில் கிடைத்த ஓர் அறையில் வேலை தொடங்கியது. 1960-இல் நூறு மாணவர்கள் சேர்ந்தார்கள். கல்யாண்பூர் அருகே கிராண்ட் டிரங்க் சாலையில் சொந்த வளாகத்துக்குக் கழகம் மாறியது 1963-இல்தான். அந்த வளாகத்தின் கட்டடங்களை வடிவமைத்தவர் அச்சுத் கான்விந்தே.

கட்டடம் இல்லாதது குறை. பழைய விதிகள் இல்லாதது வசதி. 1961-ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கழகங்கள் சட்டம், இந்தக் கழகங்களுக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. பாடம், தேர்வு ஆகியவற்றை முடிவு செய்யும் அதிகாரம் அந்தந்தக் கழகத்தின் ஆசிரியர்கள் அமர்ந்த செனட்டுக்குக் கிடைத்தது. வெளியிலுள்ள எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மனுப்போட வேண்டியதில்லை. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேல்கரின் முன்னிருந்த கேள்வி.

ஆசிரியரிடம் நம்பிக்கை

கான்பூர்க் கழகத்துக்கு அமெரிக்க நாட்டின் உதவி கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம், பிரின்ஸ்டன், பெர்க்லி, கார்னகி, கேஸ், பர்டியூ, மிச்சிகன், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய ஒன்பது நிலையங்கள் ஒன்றுகூடி, 1962 முதல் 1972 வரை பேராசிரியர்களையும் கருவிகளையும் அனுப்பி வைத்தன. முதலில் வந்த குழுவுக்கு மாசசூசெட்ஸைச் சேர்ந்த பேராசிரியர் நார்மன் டால் தலைமை வகித்தார்.

உதவி பெறும் இடத்தில் உதவி செய்பவரின் கையே ஓங்கும் என்பது உலக வழக்கு. கான்பூரில் அப்படி நேராமல் பார்த்துக் கொண்டதில் கேல்கருக்குப் பெரும் பங்கு உண்டு. துறைத் தலைமையும் முடிவெடுக்கும் பொறுப்பும் இந்திய ஆசிரியர்களிடமே இருந்தன. அமெரிக்கர்கள் உடனிருந்து உதவினார்கள். வெளிநாடுகளில் ஆராய்ச்சி செய்து கொண்டிருந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து அழைப்பதில் கேல்கர் சலிக்கவில்லை. பின்னாளில் பாரத ரத்னா விருது பெற்ற ரசாயன விஞ்ஞானி சி. என். ஆர். ராவ் 1963-இல் கான்பூரில் சேர்ந்தவரே.

இப்படி வந்தவர்களிடம் பாடத்தை ஒப்படைத்தார்கள். ஒரு பாடத்தை நடத்தும் ஆசிரியரே அதன் வினாத்தாளை எழுதினார், அவரே திருத்தினார். மதிப்பெண்ணுக்குப் பதில் எழுத்துக் கிரேடு வந்தது. ஆண்டுத் தேர்வுக்குப் பதில் செமஸ்டர் முறையும், இடையிடையே சிறு தேர்வுகளும் வந்தன. புத்தகத்தைத் திறந்து வைத்துக் கொண்டே எழுதும் தேர்வுகளும் நடந்தன. எந்தப் பொறியியல் பிரிவில் சேர்ந்தவரும் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றோடு மனிதவியல் பாடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

இன்று இவை பல கல்லூரிகளில் பழகிப் போன சொற்கள். அன்றைய இந்தியாவில், ஆசிரியர் தம் மாணவனுக்குத் தாமே மார்க்குப் போடலாம் என்பது துணிகரமான ஏற்பாடு. அவர் நேர்மையாக நடப்பார் என்ற நம்பிக்கையின் மீதே அது நின்றது. அந்த நம்பிக்கையை ஒரு நிர்வாக முறையாக மாற்றியதே கேல்கரின் முதல் சாதனை எனலாம்.

இயந்திரம் வந்தது

1963 ஆகஸ்டில் கான்பூர்க் கழகத்தில் ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. இன்றைய கைபேசியின் திறனில் அற்பப் பங்குகூட அதற்குக் கிடையாது. எனினும் அன்று இந்தியக் கல்வி நிலையங்களில் கம்ப்யூட்டரைக் காண்பதே அபூர்வம்.

இந்தியாவுக்கு அது முதல் கம்ப்யூட்டர் அன்று. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் 1950-களின் நடுவிலேயே இங்கிலாந்திலிருந்து ஒன்றை வரவழைத்திருந்தது. பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மனின் தலைமையில் ஒரு குழு சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி 1960-இல் இயக்கியது. இவை அரிய சாதனைகள். ஆனால் அந்த இரண்டு இடங்களும் முதன்மையாக ஆராய்ச்சி நிலையங்கள். பதினெட்டு வயதுப் பொறியியல் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் உலவும் இடங்கள் அல்ல.

கான்பூரில் இயந்திரம் மாணவர்களுக்கு நடுவே வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் மையத்துக்கு உதவ வந்தவர் பெர்க்லியைச் சேர்ந்த ஹாரி ஹஸ்கி. அமெரிக்காவின் எனியாக் கம்ப்யூட்டரிலும், இங்கிலாந்தில் ஆலன் டூரிங்குடனும் பணி செய்தவர் அவர். பிரின்ஸ்டனிலிருந்தும் இருவர் வந்தனர். மையத்தின் தலைமை இந்தியப் பேராசிரியர் எச். கே. கேசவனிடம் இருந்தது.

இங்கேதான் மூன்றாவது கேள்வி எழுந்தது: இதை யார் தொடலாம்? அக்காலத்தில் பல நாடுகளில் கம்ப்யூட்டர் மையங்கள் மூடிய கதவுகளோடுதான் இயங்கின. புரோகிராம் எழுதியவர் அதை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே உள்ள ஆப்பரேட்டர் அதை ஓட்டி விடையைத் தருவார். குளிர்பதன வசதியுள்ள அறை, வெளிநாட்டு இயந்திரம், பழுதானால் உதிரிப் பாகம் கப்பலில் வர வேண்டிய நிலை. இவற்றையெல்லாம் எண்ணினால் எந்த நிர்வாகியும் கதவைப் பூட்டி வைக்கவே நினைப்பார். கான்பூரில் கதவு திறந்திருந்தது. மாணவர்கள் தாங்களே உள்ளே சென்று தங்கள் புரோகிராம்களை ஓட்டலாம்.

இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. மின் பொறியியல், கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் என்ற வேறுபாடு இல்லாமல் பி.டெக். மாணவர் அனைவரும் புரோகிராம் எழுதக் கற்க வேண்டும் என்று அதைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். இந்தியாவில் அதுவே முன்னோடி.

பிழையே ஆசான்

இந்த முடிவுகளின் அருமை, புரோகிராம் எழுதும் வேலையின் இயல்பை எண்ணிப் பார்த்தால் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரர் எழுதினாலும் ஒரு புரோகிராம் முதல் தடவையிலேயே சரியாக ஓடுவது அரிது. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் இயந்திரம் நின்றுவிடும். அது கோபிப்பதில்லை; மார்க்கைக் குறைப்பதும் இல்லை. பிழை இருக்கிறது என்று மட்டும் தெரிவிக்கும். மாணவன் பிழையைத் தேட வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். பிழையைத் தேடும் அந்த அலைச்சலே படிப்பு.

மூன்று மணி நேரத்தில் தாளில் எழுதி முடிக்கும் தேர்வில் இதற்கு இடமே இல்லை. அங்கே திருத்துபவர் வரிகளைப் பார்த்து மார்க்குப் போடுவார். அந்த வரிகள் ஓடுமா, ஓடாதா என்பது யாருக்கும் தெரியாது. ஓடாத புரோகிராமுக்கு முழு மார்க்கு வாங்கியவனும், ஓடும் புரோகிராமை வேறு விதமாக எழுதி மார்க்கு இழந்தவனும் அந்த முறையில் உண்டு. கட்டடம் கட்டுபவன் செங்கல்லைத் தொடாமல் பட்டம் பெறுவதைப் போன்றது அது.

கான்பூரின் மாணவனுக்கு இயந்திரத்தின் தீர்ப்பே முதல் தீர்ப்பு. அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியருக்கோ, புதிதாக ஒன்று வந்தால் அடுத்த செமஸ்டரிலேயே அதை வகுப்புக்குக் கொண்டு வரும் சுதந்திரம் இருந்தது. இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அமெரிக்காவிலிருந்து தானமாகவும் பெறலாம். இந்த இரண்டாவது வசதி கடையில் கிடைப்பதன்று. கழகத்தின் அமைப்பிலிருந்தே அது பிறந்தது.

ஈரோட்டுக்காரரின் பாடம்

இந்தச் சுதந்திரத்தை முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டவர்களுள் ஒருவர் தமிழர். 1933-இல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், புது தில்லியில் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் பள்ளியிலும், செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியிலும் படித்தவர். பின் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலும் அமெரிக்காவிலும் பயின்று, மின் பொறியியல் ஆசிரியராகக் கான்பூருக்கு வந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் அதன் பக்கம் திரும்பினார்.

1965-இல் கான்பூர்க் கழகம் மின் பொறியியல் எம்.டெக். படிப்பில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தை ஒரு பிரிவாகத் தொடங்கியது. நாட்டில் அத்தகைய படிப்பு அதுவே முதல். வெளியாருக்காகச் சில நாட்களில் முடியும் தீவிர வகுப்புகளும் நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து விஞ்ஞானிகளும், பொறியாளர்களும், கல்லூரி ஆசிரியர்களும் வந்து கற்றுச் சென்றனர். 1966-இல் ஐ.பி.எம். 7044 என்ற பெரிய கம்ப்யூட்டரும் வந்தது.

வகுப்புக் குறிப்புகளிலிருந்து ராஜாராமன் எழுதிய புரோகிராமிங் பாடநூல் 1960-களின் முடிவில் மலிவு விலையில் வெளிவந்தது. அதன் பின் அவர் எழுதிய நூல்கள், கம்ப்யூட்டரையே பார்த்திராத ஊர்களின் மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. கான்பூரில் அவருடன் பாடம் நடத்திய எச். என். மகாபலா, 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து அங்கே கம்ப்யூட்டர் மையத்தை நடத்தினார். மைசூரிலிருந்து சென்று 1969-இல் கான்பூரில் எம்.டெக். முடித்த மாணவர் ஒருவர், 1981-இல் நண்பர்களுடன் சேர்ந்து இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் என். ஆர். நாராயணமூர்த்தி.

குறைகளும் இருந்தன

கேல்கரின் கான்பூரைக் குறையே இல்லாத இடமாகச் சித்திரிப்பது பொருந்தாது. ஆண்டுக்குச் சில நூறு மாணவர்களுக்காகப் பெரும் செல்வம் செலவானது. அமெரிக்க உதவி இல்லாமல் அந்த இயந்திரங்கள் வந்திருக்க மாட்டா. அமெரிக்க முறையில் பயின்றவர்களுள் பலர் பட்டம் வாங்கிய கையோடு அமெரிக்காவுக்கே கப்பலேறினர். ஏழை நாட்டின் பணத்தில் பணக்கார நாட்டுக்கு ஆள் தயாரிப்பதா என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

சுதந்திரம் பெற்ற கழகத்திலும் புதுத்துறை எளிதில் நுழைந்துவிடவில்லை. 1965-இல் எம்.டெக். அளவில் தொடங்கிய கம்ப்யூட்டர் விஞ்ஞானம், பி.டெக். பட்டப் படிப்பாக மலர்ந்தது 1978-இல்தான். பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. செனட்டில் அமர்ந்திருப்பவர்களும் ஆசிரியர்களே. ஒவ்வொருவருக்கும் தம் துறையே பெரிது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கான்பூரில் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் மாணவர்கள் புரோகிராம் எழுதிக் கொண்டுதான் இருந்தார்கள். பட்டத்தின் பெயருக்காகப் படிப்பு காத்திருக்கவில்லை.

கடைசிக் காலம்

1969-இல் இந்திய அரசு கேல்கருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1970-இல் அவர் கான்பூரை விட்டு விடைபெற்று, தாம் முன்பு திட்டமிட்ட பம்பாய் ஐ.ஐ.டி.க்கு டைரக்டராகச் சென்றார். 1974 வரை அங்கே பணியாற்றினார். தாம் இட்ட வித்து மரமாவதை ஒதுங்கி நின்று காணும் பேறு அவருக்குக் கிட்டியது. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி பம்பாயில் அவர் காலமானார். கான்பூர்க் கழகத்தின் நூல்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பரவியதும் பரவாததும்

அவர் மறைந்த காலத்தில் இந்தியாவின் மென்பொருள் தொழில் வேகம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. 1980-ஐ ஒட்டி ராஜாராமன் தலைமையிலான குழு, கம்ப்யூட்டர் பணியாளர் தேவையை ஆராய்ந்து எம்.சி.ஏ. என்ற புதுப் பட்டப் படிப்பைப் பரிந்துரைத்தது. பொறியியல் படிக்க இயலாத பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளுக்கும் அதனால் கதவு திறந்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிப்புகள் தோன்றின.

கான்பூரில் நடந்த பாடங்களின் பெயர்கள் எல்லாக் கல்லூரிகளுக்கும் போயின. கான்பூரின் முறை அவ்வளவாகப் போகவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் பழைய 1857 அச்சில் வார்த்த பல்கலைக்கழகங்களோடு இணைந்தே இருந்தன. ஓரிடத்தில் வகுத்த பாடத்திட்டம். இன்னோரிடத்தில் எழுதப்பட்ட வினாத்தாள். ஆசிரியருக்கு இரண்டிலும் பங்கில்லை. செமஸ்டர் என்ற பெயர் வந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒரு தேர்வு இரண்டானதே பல இடங்களில் அதனால் கண்ட பயன்.

தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1978-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தது. அப்போது அது இணைப்புக் கல்லூரிகள் இல்லாத தனிப் பல்கலைக்கழகம். 2001-இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. கர்நாடகத்தில் 1998-இல் பெல்காமைத் தலைமையிடமாகக் கொண்டு விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தோன்றி, அந்த மாநிலத்தின் கல்லூரிகளைத் தன்கீழ்க் கொண்டு வந்தது. ஒரே தரம், ஒரே தேர்வு, ஒரே பட்டம் என்ற பழைய நியாயம் இவற்றின் பின்னே நின்றது. தேர்ச்சி பெற்ற ஆசிரியர்கள் போதாத கல்லூரிகள் பெருகிய காலத்தில், ஆசிரியரிடமே எல்லாவற்றையும் ஒப்படைப்பது எப்படி என்ற கேள்வியும் நியாயமானதே.

வகுப்பறை தராததை வெளியிலிருந்தவர்கள் தந்தார்கள். 1981-இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி., 1986-இல் தொடங்கிய ஆப்டெக் போன்ற பயிற்சி நிலையங்கள் ஊருக்கு ஊர் கிளை பரப்பின. கல்லூரியில் பட்டத்துக்குப் படித்து, மாலையில் கட்டணம் கட்டி வேலைக்குப் படிப்பது இளைஞர்களின் வழக்கமாயிற்று. பெரிய கம்பெனிகள் தாங்களே கல்லூரி போன்ற வளாகங்களைக் கட்டின. டாடா கன்சல்டன்சி திருவனந்தபுரத்திலும், இன்ஃபோசிஸ் மைசூரிலும் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளுக்குப் பயிற்சி நிலையம் அமைத்தன. கான்பூரின் திறந்த அறையில் பயின்றவர் தொடங்கிய நிறுவனமே, தன் ஊழியர்களுக்காக ஒரு பெரிய வளாகத்தைக் கட்ட வேண்டி வந்தது.

பட்டம் வாங்கியபின் கற்பது என்றானதில் இழப்பு யாருக்கு என்று பார்த்தால், அது ஏழை மாணவனுக்கே. மாலை வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடிந்தவன் தப்பினான். முடியாதவன், நான்கு ஆண்டுகள் படித்தும் இன்டர்வியூவில் ஒரு சிறு புரோகிராமை எழுதி ஓட்டிக் காட்ட இயலாமல் திரும்பினான். சொந்த ஊரை விட்டு பெங்களூருக்கும் மும்பைக்கும் வேலை தேடி வந்த பல தமிழ்க் குடும்பங்கள் இந்தத் துயரத்தை அறியும்.

கேல்கர் கான்பூரில் செய்து காட்டியதற்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஒன்று, பாடத்தை ஒப்படைக்கத் தகுதியுள்ள ஆசிரியரைத் தேடிக் கொண்டு வருவது. மற்றொன்று, கொண்டு வந்தபின் அவரை நம்புவது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் சீர்கேடு. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்தால் நல்ல ஆசிரியர் நாளடைவில் சோர்ந்து போவார். இன்று கல்லூரிகளில் கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை; கான்பூரில் அன்று ஓர் அறை நிறைய இருந்த இயந்திரத்தைவிடத் திறன் மிக்க ஒன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் இருக்கிறது. உணவு விடுதியின் ஓர் அறையில் தொடங்கிய அந்த டைரக்டர் நிறைவேற்றிய அவ்விரு தேவைகளும் நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இன்னும் நிறைவேறாமல் இருக்கின்றன.